கூடக்குறைய எவ்வளவு?

ஐஸைத் துணியில் சுற்றி மரச்சுத்தியால் நொறுக்கிக்கொண்டிருக்கும்போது அவரிடம் யாரும் பேசுவதில்லை. பேசினாலும் அவர் காதில் விழாது. சுத்தி விழும் சத்தம் முதலில் கனமாகக் கேட்கும். போகப் போக மணலில் நடக்கிற சத்தமாக மாறும். மாறியதும் துணியைப் பிரித்து விரலால் கிளறுவார். கல் மாதிரி ஒரு துண்டு தட்டுப்பட்டாலும் மறுபடி சுற்று, மறுபடி அடி. பிறகு வாய் அகன்ற பிளாஸ்க்கில் தூளை அள்ளிப் போட்டு, குச்சியால் குத்தி இறுக்கி, குளிரவைத்த தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விடுவார். வெள்ளையாக இருந்த ஐஸ் லேசாகச் சாம்பல் நிறத்துக்கு வந்ததும் நிறுத்திவிடுவார். மிஞ்சிய தண்ணீரை ரப்பர் குழாயால் இழுத்து வெளியே விட்டுவிடுவார். "அடியில தண்ணி தேங்கிச்சுன்னா அது பூஜ்யம் இல்ல. பூஜ்யம் மாதிரி வேஷம் போட்டுட்டு நிக்குது" என்பது அவருடைய கட்சி.

வெப்பமானியை அந்த ஐஸுக்குள் இறக்கி, அது ஓயும் வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். பாதரசம் இறங்கி நின்றதும், தூங்குகிறவனை எழுப்புவதுபோலக் கண்ணாடித் தண்டை விரல்நுனியால் இரண்டு தட்டு தட்டுவார். அப்புறம் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிடுவார். கிட்டப்பார்வைக்காரர் அவர். கண்ணாடி போட்டால் எதிர்ச்சுவர்க் கடிகாரம் தெரியும். கழற்றினால் முகத்துக்கு நாலு விரல் தள்ளி ஊரும் எறும்பின் கால்கூடத் தெரியும், அதற்கு அப்பால் இருப்பதெல்லாம் வெறும் கலங்கல். முழங்கால் வலியோடு மடங்கிக் குனிந்து, தன் கண்ணைப் பாதரசத்தின் தலைக்கு நேராகக் கொண்டுவந்து நிறுத்துவார். மேலிருந்து பார்த்தால் ஓர் அளவு காட்டும், கீழிருந்து பார்த்தால் இன்னோர் அளவு காட்டும். "அது யாரையும் ஏமாத்தல. கண்ணு கோணலா நின்னா நாமளே ஏமாந்துக்கறோம்." கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது என்று சொல்வோமே, அதைத் தினமும் காலையில் காப்பி குடித்த கையோடு செய்கிற மனிதர் அவர்.

ஆஸ்பத்திரிகளும் மருந்துக் கிடங்குகளும் ரொட்டி அடுப்புக்காரர்களும் தங்கள் வெப்பமானிகளைச் சரிபார்க்க அனுப்பும் சோதனைக் கூடம் அது. ஜன்னல்கள் திறக்காது. காற்றுக்குக்கூடக் கட்டுப்பாடு. அங்கே எந்த எண்ணையும் தனியாக விடமாட்டார்கள். இருபத்தைந்து என்று எழுதினால் பக்கத்திலேயே அது எவ்வளவு கூடலாம், எவ்வளவு குறையலாம் என்றும் எழுதவேண்டும். இந்த வழக்கம் அவருடைய ரத்தத்திலேயே ஊறிவிட்டது. "பஸ் பத்து நிமிஷத்துல வந்துடும்" என்று யாராவது சொன்னால், "கூடக்குறைய எவ்வளவு?" என்பார். விருந்துக்கு நூறு பேர் வருவார்கள் என்றால், "கூடக்குறைய?" கல்யாணமான புதிதில் மனைவி ஆசையாக, "உங்களை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு" என்று சொன்னபோதும் அதே கேள்வியைக் கேட்டு வைத்தாராம். அவளே சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். சோதனைக் கூடத்தில் அவருக்கு இருக்கிற பெயரே 'கூடக்குறைய' தான். "கூடக்குறைய சார் வந்துட்டாரா?" என்று வாசலில் கேட்பார்கள். அவரும் கோபித்துக்கொள்வதில்லை.

டிகிரி என்ற சொல்லைத் தன் வீட்டுச் சொத்தாகவே நினைத்திருந்தவர். ஊரார் அதை எடுத்துக் கண்டபடி புழங்குவது அவருக்கு அறவே பிடிக்காது. யாராவது அந்தச் சொல்லை எடுத்தாலே "எந்த டிகிரி?" என்று குறுக்கே விழுவார். சுவருக்கு அந்தப் பக்கம் கோணங்களைச் சோதிக்கும் பிரிவு இருக்கிறது. அங்கேயும் டிகிரிதான். "சுத்திச் சுத்திப் புறப்பட்ட எடத்துக்கே வந்து நிக்கிற டிகிரி அது. நம்ம ஆளு அப்படி இல்ல, ஏறினா ஏறிட்டே இருப்பான்" என்று அந்தப் பிரிவுக்காரரைச் சீண்டுவார். வரைபடத்தில் ஒரு டிகிரி தள்ளிப்போனால் நூறு கிலோமீட்டருக்கு மேல் போய்விடுகிறது. அவருடைய வெப்பமானியில் ஒரு டிகிரி நகத்தின் கனம்கூட இல்லை. மூக்குக்கண்ணாடிச் சீட்டில் எழுதியிருக்கும் டிகிரியோ, கண்ணாடிச் சில்லை எந்தச் சாய்வில் பொருத்துவது என்று கடைக்காரருக்குச் சொல்லுவதற்கானதாம். மகள் பார்க்கும் வெளிநாட்டுத் தொடரில் 'முதல் டிகிரிக் கொலை' என்று ஒருவனுக்கு ஆயுள் முழுக்கச் சிறை கிடைத்தபோது, அவர் சாப்பாட்டுத் தட்டோடு எழுந்து வந்துவிட்டார். "கொலையை எதை வெச்சுடி அளந்தாங்க?"

அந்த மகளும் கல்லூரியில் கடைசி வருஷம். வீட்டிலேயே ஒரு டிகிரி வளர்ந்துகொண்டிருந்தது. "நல்லா வருமா?" என்று அவர் கேட்கும்போதெல்லாம் அவள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல் பதில் சொல்வாள்: "என் டிகிரில கூடக்குறைய எல்லாம் கிடையாதுப்பா. ஒண்ணு வரும், இல்லன்னா வராது." அது அவருக்குப் புரியவே புரியாது. பாதியும் இல்லாமல் முக்காலும் இல்லாமல் ஒன்று எப்படி இருக்கமுடியும்?

இந்தப் பேச்செல்லாம் விளையாட்டாக இருந்த காலம் ஒரு ஞாயிற்றுக்கிழமையோடு முடிந்தது.

மகள் கேக் செய்வதற்கென்று ஒரு சமையல் வெப்பமானி வாங்கி வந்திருந்தாள். வட்ட முகமும் சிவப்பு முள்ளும் கொண்ட மலிவுச் சாமான். அதைச் சோதிக்காமல் வீட்டுக்குள் விடுவதா? பூஜ்யத்தை ஐஸ் சொல்லும், நூறைக் கொதிக்கிற தண்ணீர் சொல்லும். பெரிய பாத்திரத்தில் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவிட்டு, அதில் வெப்பமானியை முக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக் குனிந்திருந்தார். பாத்திரத்தின் கைப்பிடி அடுப்பு மேடைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்ததை அவர் கவனிக்கவில்லை. முள் தொண்ணூற்றெட்டைத் தாண்டி மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. மனைவி மேல் அலமாரியிலிருந்து ஒரு கோப்பை எடுக்க வந்தாள். அவளுடைய சட்டைக் கை கைப்பிடியில் மாட்டியது. கொதிதண்ணீர் அப்படியே அவளுடைய வலது முழங்கை மடிப்பில் கொட்டியது.

அவள் வந்ததே தெரியாது என்று இன்றைக்கும் சொல்கிறார். உண்மைதான். கண்ணாடி நெற்றியில் இருந்தால் மனைவி ஒரு கலங்கல். "தொண்ணூத்தொம்பதைப் பார்த்தேன். அவளைப் பார்க்கல" என்று மகளிடம் ஒருதரம் சொன்னார். மகள் அந்த வெப்பமானியைக் குப்பையில் போட்டாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "செகண்ட் டிகிரி" என்றார். இவர் வெறுங்காலோடு ஓடிவந்திருந்தார். ஆனாலும் வாய் பழக்கத்தை விடவில்லை.

"எதை வெச்சு அளந்தீங்க டாக்டர்?"

"பார்த்தாலே தெரியும் சார்."

"கூடக்குறைய எவ்வளவு?"

அதிர்ச்சியில் மனிதருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்த டாக்டர், அவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். தீக்காயத்தில் முதல் டிகிரி மேல்தோலோடு போய்விடும், இரண்டு கொஞ்சம் ஆழம், மூன்று தோலையே தின்றுவிடும் என்று செவிலி பொறுமையாக விளக்கினாள். கருவி இல்லை, கோடு இல்லை. ஒருவர் கண்ணால் பார்த்துச் சொல்லுகிற எண்ணில் தன் மனைவியின் கை தொங்கிக்கொண்டிருப்பதை அவரால் ஜீரணிக்கவே முடியவில்லை.

மனைவியைப் பற்றிச் சொல்லவேண்டும். நகரசபை நீச்சல் குளத்தில் குழந்தைகளுக்குப் பயிற்சி தருகிறவள் அவள். கழுத்தில் விசில் தொங்கும், ஆனால் ஊதமாட்டாள். அவள் தொண்டைக்கு விசில் எதற்கு? "கையை நீட்டு! இன்னும் நீட்டு! தண்ணி உன்னைக் கடிக்காது, நீட்டு!" குளத்துக்கு வெளியே சைக்கிள் நிறுத்துகிறவர்களே தங்கள் கையை ஒருமுறை நீட்டிப் பார்த்துக்கொள்வார்களாம். அப்படி நீட்டச் சொல்கிறவளின் கைதான் இப்போது மடங்கிக்கொண்டது. புண் ஆறியது, புதுத் தோல் வந்தது. ஆனால் வந்த தோல் நாளுக்கு நாள் இறுகி, முழங்கையை உள்ளே இழுத்தது. ஏதோ சாமானை இடுக்கிக்கொண்டு நிற்பவள்போல அவள் எப்போதும் கையை மடித்தே வைத்திருந்தாள்.

இயன்முறைப் பிரிவில் இருந்த சிகிச்சைக்காரி சின்னப் பெண். கையில் ஒரு பிளாஸ்டிக் கோணமானி வைத்திருந்தாள். ஒரு அச்சில் சேர்ந்த இரண்டு நீளப் பட்டைகள். அச்சை முழங்கையின் வெளி எலும்பில் வைத்தாள். ஒரு பட்டை தோளைப் பார்த்தது, இன்னொரு பட்டை மணிக்கட்டு எலும்பைப் பார்த்தது.

"நாப்பது. முழுசா நீட்டினா பூஜ்யம். அதுதான் சார் நம்ம குறி" என்றாள்.

பூஜ்யம் என்ற சொல் காதில் விழுந்ததும் அவருக்கு, அந்தக் கொதிதண்ணீர் கொட்டியதிலிருந்து முதல்தடவையாக, மூச்சு சீராக வந்தது. பூஜ்யத்தை அவருக்குத் தெரியும். தினமும் காலையில் முகம் பார்க்கிற சிநேகிதன். ஆனால் அடுத்த பேச்சில் அந்த நிம்மதி போய்விட்டது. அடுத்த பரிசோதனைக்குள் கை இருபதுக்குக் கீழே வரவேண்டும் என்று அறுவை டாக்டர் எழுதியிருந்தார். வராவிட்டால் தழும்பை வெட்டிப் பிரித்து, தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டவேண்டும். அதற்கப்புறம் மாதக்கணக்கில் தண்ணீரில் இறங்கமுடியாது. குளத்தில் ஏற்கனவே தற்காலிகமாக ஒருத்தியை வைத்தாகிவிட்டது. அவள் நிரந்தரமாக எவ்வளவு நேரம் ஆகும்?

"வீட்டுலதான் வேலையே. ராத்திரி படுக்கும்போது கை மடங்காம இருக்க இந்த ஸ்ப்ளின்ட்டைக் கட்டிக்கணும். சாயங்காலம் நீங்க மணிக்கட்டைப் பிடிச்சு மெதுவா கீழ அமுக்கணும் சார். புதுத் தோல் வெளுக்கற வரைக்கும். வெளுத்ததும் அப்படியே பிடிச்சுக்கணும். அக்கா கத்துவாங்க. நீங்க மொகத்தைப் பார்க்காதீங்க, தோலைப் பாருங்க." அவரிடம் ஒரு கோணமானியையும் கொடுத்துச் சிரித்தாள். "அளவு பார்க்கற வேலைன்னு அக்கா சொன்னாங்க. உங்களுக்கு நான் சொல்லித்தரணுமா?"

வீட்டுக்கு வந்ததும் அந்தக் கோணமானியைத்தான் முதலில் சோதித்தார் என்று சொல்லத் தேவையில்லை. மேஜை விளிம்பில் வைத்துப் பார்த்தார், கதவு மூலையில் வைத்துப் பார்த்தார். குறை ஒன்றும் இல்லை.

அமுக்குவதுதான் அவரால் ஆகவில்லை. மணிக்கட்டில் கைவைத்து லேசாகக் கீழே அழுத்துவார். தோல் இழுபடும். அவள் உதட்டைக் கடிப்பாள். முகத்தைப் பார்க்காதே என்று சொன்னது நினைவிருக்கும், ஆனால் கண் அங்கேதான் போகும். அவளுடைய வாய் கொஞ்சம் கோணினாலும் போதும், அடுப்படியும் தளதளப்பும் அந்தச் சிவப்பு முள்ளும் அவர் முன்னால் வந்து நின்றுவிடும். கையை எடுத்துவிடுவார். "இன்னிக்கு இது போதும்." தோல் வெளுத்ததா இல்லையா என்று பார்க்க நேரமே இருக்காது.

பிறகு அளப்பார். முதல்நாள் முப்பத்தெட்டு வந்தது. "முப்பத்தெட்டு" என்றார். அவள் சின்னக் குழந்தைபோலக் கைதட்டப் பார்த்தாள், ஒரு கை எட்டவில்லை. அடுத்த நாளும் முப்பத்தெட்டு. கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக்கொண்டு நிமிர்ந்தபோது அவள் முகம் காத்துக்கொண்டிருந்தது.

"எவ்வளவுங்க?"

அவர் மறுபடி குனிந்தார். மணிக்கட்டு எலும்பில் இருக்கவேண்டிய பட்டையை ஒரு விரற்கடை தள்ளினார். தள்ளினோம் என்று அவருக்கே தெரியாமல் தள்ளியதுபோலத்தான் அது நடந்தது. முப்பத்தாறு.

"முப்பத்தாறு."

அவர் வாயிலிருந்து வந்த முதல் பொய் அளவு அதுவாகத்தான் இருக்கும். இத்தனை வருஷத்தில் ஒரு கால் டிகிரியைக்கூட விட்டுக்கொடுக்காதவர், தன் மனைவிக்கு இரண்டு டிகிரியைச் சும்மா தூக்கிக் கொடுத்தார். கொடுத்ததை அடுத்த நாள் திருப்பி வாங்கமுடியுமா? முப்பத்தைந்து ஆயிற்று. முப்பத்துமூன்று ஆயிற்று. பட்டை எலும்பை விட்டு நகர நகர எண் இறங்கியது. அவளுக்கு உற்சாகம் தாங்கவில்லை. அக்கம்பக்கத்தில், தொலைபேசியில், கடையில், "இன்னிக்கு இருபத்தாறு!" என்று சொல்லிவைத்தாள். யாராவது "அது சரியா இருக்குமா?" என்று கேட்டால் போதும். "யார் அளக்கறது தெரியுமில்ல? எங்க வீட்டு மனுஷன் வாயில ஒரு அளவு வந்தா அதுல மாத்தமே இல்ல."

இதையெல்லாம் அடுத்த அறையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். எழுந்துபோய்ச் சொல்லிவிடவேண்டும் என்று செருப்பைக்கூடப் போடுவார், வீட்டுக்குள்ளேயே எதற்குச் செருப்பு என்று மகள் கேட்டதும் கழற்றிவிட்டு உட்காருவார். சோதனைக் கூடத்தில் வேலை ஓடவில்லை. ஐஸைத் தேவைக்கு மேல் நொறுக்கினார். சரியாக இருந்த வெப்பமானியை மூன்று தடவை சோதித்தார். பக்கத்துப் பிரிவுக்காரர், "என்ன சார், பூஜ்யத்து மேலயே சந்தேகமா?" என்று கேட்டுச் சிரித்தபோது, அவர் பதிலுக்குச் சிரிக்கவில்லை.

இருபத்துநாலு வந்த அன்று அவள் படுக்கப்போகும்போது ஸ்ப்ளின்ட்டைக் கட்டிக்கொள்ளவில்லை. "அரிக்குதுங்க. அதான் நல்லா வந்துட்டிருக்கே, ஒருநாள் விட்டா என்ன?" என்றாள். ஒருநாள் இரண்டு நாளாயிற்று. பிறகு அது கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. கட்டச் சொல்லவேண்டும் என்று அவருக்கு நாக்கு நுனி வரை வரும். ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது? மென்று முழுங்கிவிட்டு விளக்கை அணைப்பார். அவளுடைய கை தூக்கத்தில் மெல்ல மடங்குவதை இருட்டில் பார்க்கமுடியாது. ஆனால் அவருக்குத் தெரியும்.

கடைசியில் அவள் குளத்து மேற்பார்வையாளரைக் கூப்பிட்டு, "அடுத்த மாசம் வந்துடறேன் சார். அந்தப் பொண்ணுக்கு இப்பவே சொல்லிடுங்க" என்றாள். அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பரிசோதனை நாளில் அவள் நல்ல உடையாகப் பார்த்து உடுத்திக்கொண்டாள். சிகிச்சைக்காரி கோணமானியை வைத்தாள். எடுத்து மறுபடி வைத்தாள்.

"முப்பத்தேழு இருக்குக்கா."

மனைவி சிரித்துவிட்டாள். "இருக்காதும்மா. நேத்து வீட்டுல இருபத்திரண்டு."

மூன்றாம் முறையும் அளந்தாள் அந்தப் பெண். முப்பத்தேழுதான். அவள் ஒரு நொடி இவரைப் பார்த்தாள். என்ன நடந்திருக்கும் என்று புரிந்துகொண்ட பார்வை. ஆனால் பேச்சு வேறுமாதிரி வந்தது. "வீட்டுல அளக்கும்போது கொஞ்சம் முன்னப்பின்ன வரும்க்கா. எல்லாருக்கும் வர்றதுதான்."

வழி திறந்து கிடந்தது. ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வெளியே போய்விடலாம்.

"எல்லாருக்கும் வரலாம், இவருக்கு வராது" என்றாள் மனைவி. குரலில் குளத்து அதட்டல் ஏறியிருந்தது. "தப்பா நெனைச்சுக்காதம்மா. உன் ஸ்கேலை ஒருதடவை அவர்கிட்ட குடு. எங்கயோ கோளாறு இருக்கு. ஆஸ்பத்திரிக்கெல்லாம் அவர்தான் செக் பண்ணித் தர்றவரு."

சிகிச்சைக்காரி மறுபேச்சுப் பேசாமல் கோணமானியை நீட்டினாள். அவர் வாங்கினார். அந்தப் பிளாஸ்டிக் துண்டு இரும்பாகக் கனத்தது. மேஜை விளிம்பில் வைத்தார், பூஜ்யம். ஜன்னல் சட்டத்தின் மூலையில் வைத்தார்; தொண்ணூறு. இன்னும் கொஞ்சநேரம் சோதிக்கிற மாதிரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றார். மனைவி நம்பிக்கையோடு காத்திருந்தாள்.

"சரியா இருக்கு" என்றார்.

"அப்ப நம்ம வீட்டு ஸ்கேலு?"

"அதுவும் சரிதான்."

"அப்புறம் எப்படிங்க?"

அவர் கோணமானியைக் கட்டில் ஓரத்தில் வைத்தார். "பட்டையை எலும்புல வைக்கல. தள்ளி வெச்சேன்."

"எப்பலேர்ந்து?"

"ரெண்டாவது நாள்லேர்ந்து."

சிகிச்சைக்காரி எழுந்துபோய் எதையோ தேடுகிறவளாக அலமாரிக்குள் தலையைவிட்டுக்கொண்டாள். மனைவி மடங்கிய கையை இன்னொரு கையால் மெல்லத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள், அது வேறு யாருடைய கையோ என்பதுபோல. திரும்பி வந்த பெண் தாழ்ந்த குரலில், அறுவை டாக்டரிடம் மூன்று வாரம் கேட்டுப் பார்க்கிறேன், ஆனால் ஸ்ப்ளின்ட் ஒருநாள்கூட விடக்கூடாது, அமுக்குவதில் தயவு தாட்சண்யமே கூடாது என்றாள். அப்படிச் செய்தால் இருபதுக்குக் கீழே வருமா என்று அவர் கேட்கவில்லை. கூடக்குறைய எவ்வளவு என்றும் கேட்கவில்லை.

பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். வீட்டுக்கு இரண்டு நிறுத்தம் இருக்கும்போதுதான் வாயைத் திறந்தாள். கத்தவில்லை. அவள் கத்தியிருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"ஆழத்துல குழந்தை பயந்துபோய் அழும். 'இதோ கரை வந்துடுச்சு, வந்துடுச்சு'ன்னு சொல்றவங்க இருக்காங்க. நான் ஒருநாளும் சொன்னது இல்ல. ஏன் தெரியுமா? வந்துடுச்சுன்னு நம்பி அது கையடிக்கறதை நிறுத்திடும்."

அவர் கண்ணாடியைத் துடைத்தார். துடைக்க ஒன்றும் இல்லை.

"எனக்கு வலிக்குதேன்னு பார்த்தீங்களா, இல்ல உங்களுக்குத் தாங்கலையா?"

"எனக்குத்தான் தாங்கல" என்றார். அன்றைக்கு அவர் சொன்ன எதிலும் கோணல் இல்லை.

சாயங்காலம் மகள் புத்தகங்களை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்விட்டாள். இந்த வீட்டில் இப்போது தேர்வு எழுதப்போவது தான் மட்டுமில்லை என்று அவளுக்குப் புரிந்திருக்கவேண்டும். கட்டிலுக்கு அடியிலிருந்து ஸ்ப்ளின்ட்டை எடுத்துத் தூசி தட்டி நாற்காலியில் வைத்தது அவள்தான்.

மனைவி சாப்பாட்டு மேஜையில் ஒரு துண்டை மடித்துப் போட்டு, அதன்மேல் முழங்கையை வைத்துக் கையை எவ்வளவு முடியுமோ அவ்வளவு நீட்டினாள். அவர் கோணமானியோடு வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்ளாமல், மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, வலிக்கிற முழங்கால்களை ஒவ்வொன்றாகத் தரையில் ஊன்றினார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். அச்சு எலும்பில், ஒரு பட்டை தோளில், ஒரு பட்டை மணிக்கட்டில். விரலால் எலும்பைத் தடவிப் பார்த்து, இன்னொரு தரம் தடவிப் பார்த்துப் பட்டையைச் சேர்த்தார். கண்ணை நேரே கொண்டுவந்தார். வெகுநேரம் பார்த்தார்.

"எவ்வளவு?"

"முப்பத்தாறு."

அவள் தன் முழங்கையைப் பார்த்தாள். பிறகு கேட்டாள். "கூடக்குறைய?"

"ரெண்டு."

"சரி." அவள் உடம்பை நாற்காலியில் பின்னுக்குத் தள்ளி உட்கார்ந்துகொண்டாள். இடது கையால் மேஜையின் காலைப் பிடித்துக்கொண்டாள். குளத்தின் ஆழமான பக்கத்தில் நின்று கூப்பிடுகிற அதே குரலில் சொன்னாள்: "அமுக்குங்க. நான் கத்தினாலும் விடாதீங்க."

அவர் மண்டியிட்டபடியே நிமிர்ந்தார். நெற்றியில் இருந்த கண்ணாடி, குனிந்தால் நழுவி மூக்கில் வந்து விழக்கூடும், விழுந்தால் அவள் முகம் தெரிந்துவிடும். அதைக் கழற்றினார். அதன் இரண்டு கால்களையும் மடக்கி, மேஜையின் மறுகோடிக்கு, கைக்கு எட்டாத தூரத்துக்குத் தள்ளிவைத்துவிட்டு, அவளுடைய மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்தார்.